சக்கைக்கு அர்த்தம் சொன்ன நாள்

ஒரு பாட்டுக்கு அர்த்தம் சொல்லி எங்கள் சித்தியின் கல்யாணத்தை நடத்தி வைத்தவள் நான்தான் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போதும் குடும்ப விசேஷங்களில் யாராவது அந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். நான் அடக்கமானவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன். கதை பொய்யில்லை. நடந்தது அத்தனையும் நடந்ததுதான். அதில் என் பங்கு எவ்வளவு என்பதில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் கொஞ்சம் அபிப்பிராய பேதம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீடு மட்டாஞ்சேரியில், பேலஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. பக்கத்தில் சுக்குக் கிடங்கு. எங்கள் துணி, தலையணை, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் சுக்கு வாசனை வரும். எனக்கு அது வாசனை என்றே தெரியாது. யாராவது புதிதாக வந்து தும்மினால்தான் ஞாபகம் வரும். அம்மா, அப்பா, நான், அம்மாவின் அண்ணனான மாமா, அம்மாவின் தங்கையான சித்தி, இவ்வளவு பேர்தான் வீட்டில். அப்பாவுக்கு ஏலூரில் ஒரு ஆலையில் ஷிப்ட் வேலை. மாமா அந்தச் சுக்குக் கிடங்கில் சரக்கின் தரம் பார்ப்பவர். வீட்டுக்குப் பெரியவரும் அவர்தான்.

எங்கள் குடும்பம் எப்போது தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி வந்தது என்பதை யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள். வந்து மூன்று தலைமுறை ஆகியிருக்கும். ஆனாலும் நாங்கள் வீட்டில் பேசுவது சுத்தமான தமிழ் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். வேறு தமிழர் யாரும் வந்து கேட்காதவரை அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பாட்டு உண்டு. நல்ல காரியத்துக்காக யார் வாசல் ஏறி வந்தாலும் ஆரத்தி சுற்றிக்கொண்டே பெண்கள் அதைப் பாடுவார்கள். யார் கட்டியது என்று தெரியாது. கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு வந்தது, அப்படியே எனக்கும் வந்தது. நாலே வரி.

வெள்ளம் வச்சோம் வாசலிலே, வாங்க மாப்பிள்ளே
சக்கை வச்சோம் தட்டினிலே, தின்னுங்க மாப்பிள்ளே
கெட்டு நாளு வந்ததடி எங்க பொன்னுக்கு
கரையாதே கரையாதே, கூட்டு வந்தாச்சு

மெதுவாக இழுத்துப் பாடவேண்டும். "மாப்பிள்ளே" என்ற இடத்தில் குரலை ஒரு சுழற்று சுழற்றி இறக்கவேண்டும். அந்தச் சுழற்று எனக்கு நன்றாக வரும் என்று சந்து முழுக்கப் பெயர். அம்மாவுக்குக் குரல் கம்மி. அதனால் விசேஷங்களில் தட்டு அம்மா கையில், பாட்டு என் தொண்டையில். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டிருக்கமாட்டாள். கோயில் மணிக்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்பார்களா?

சித்தி காக்கநாட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். மெட்ரோவெல்லாம் வராத காலம். காலையில் பஸ் பிடித்துப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். அதே வளாகத்தில் இன்னொரு கம்பெனியில் மதுரைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் எங்கள் ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இருவரும் மதியச் சாப்பாட்டில் பழகி, பிறகு சாப்பாடு இல்லாத வேளைகளிலும் பழகி, கடைசியில் சித்தி மாமாவிடம் வந்து சொன்னாள். மாமா ஒரு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் "தமிழ்ப் பையன்தானே, வரச் சொல்லு" என்றார். அவரைத்தான் இப்போது நான் சித்தப்பா என்று கூப்பிடுகிறேன். கதை குழம்பாமல் இருக்க இங்கேயும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மா இல்லை. வளர்த்தது அவருடைய அத்தை, அதாவது அவர் அப்பாவின் அக்கா. மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். அந்த அத்தை சரி என்றால்தான் சரி. கடையின் பெயர்ப்பலகையில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால் அந்தக் கடைக்குள் போகமாட்டார் என்று சித்தப்பா விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். சித்தி அதை வீட்டில் வந்து சொல்ல, மாமா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மாமா எங்களுக்குப் பயிற்சி ஆரம்பித்துவிட்டார். சாயா என்று சொல்லக்கூடாது, டீ. வெள்ளம் என்று சொல்லக்கூடாது, தண்ணீர். சக்கை கூடாது, பலாப்பழம். கேறி வாங்க என்று வாய் தவறிக்கூட வரக்கூடாது, உள்ளே வாங்க. சமையலறையில் அம்மா, "வெள்ளம் கொதிச்சா..." என்று ஆரம்பித்தால் கூடத்திலிருந்து மாமா தொண்டையைக் கனைப்பார். அம்மா "தண்ணி, தண்ணி" என்பாள். நான் பெரிய ஆபத்து என்பதால் எனக்குத் தனிச் சட்டம்.

"மோளே, நீ வாயே திறக்காத. கேட்டா மட்டும் ஆமா, இல்ல. அந்த அம்மாவ ஆன்ட்டின்னு கூப்பிடாத. அத்தைன்னு கூப்பிடு."

"மகளேன்னு சொல்லாம மோளேன்னு சொல்லலாமா மாமா?" என்று கேட்டேன். மாமா என்னை முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவு யோசித்த மாமா அந்தப் பாட்டை மட்டும் யோசிக்கவில்லை. அதை நாங்கள் யாரும் வார்த்தைகளாகக் கேட்டதே இல்லை என்பதுதான் காரணம்.

அவர்கள் வந்தது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு அன்று ஷிப்ட். சந்துக்குள் கார் நுழையாது. அதனால் முக்கிலேயே இறங்கி நடந்து வந்தார்கள். முன்னால் அத்தை, ஒல்லியாக, நிமிர்ந்து, நீலக் கரை போட்ட சுங்குடிச் சேலையில். பின்னால் சித்தப்பாவின் அப்பா, எதைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டு. கடைசியில் சித்தப்பா, முழுக்கைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்ட. கிடங்கைத் தாண்டும்போது மூன்று பேரும் வரிசையாகத் தும்மினார்கள். எனக்கு அவர்களை உடனே பிடித்துப்போனது.

அம்மா ஆரத்தித் தட்டை எடுத்தாள். நான் பாடினேன். ஒரு வாரமாக வாயைத் திறக்க விடாமல் வைத்திருந்ததில் குரல் அப்படித் தெம்பாக வந்தது. சுழற்றும் இடத்தில் இன்னொரு சுழற்றுச் சேர்த்துப் போட்டேன். வெள்ளம் என்றபோது அத்தை என்னைப் பார்த்தார். சக்கை என்றபோது புருவம் ஏறியது. கெட்டு நாளு என்றபோது, உள்ளே வைக்கத் தூக்கிய வலது காலை மறுபடி வெளியே வைத்துவிட்டார். பாட்டு முடிந்ததும் ஒரு நிமிஷம் நின்று, பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பேச்சு நன்றாகத்தான் ஆரம்பித்தது. மாமா ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி, "தங்கள் பிரயாணம் சௌகரியமாக அமைந்ததா?" என்று கேட்டார். சித்தப்பாவின் அப்பா ஒருமுறை திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாரையாவது கேட்கிறாரோ என்று. சித்தி வந்து வணங்கிவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தை அவளிடம் வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பதில் பிடித்திருந்தது என்று எனக்கே தெரிந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இங்க வா. எத்தனாவது படிக்கிற?"

"நாலு முடிஞ்சு அஞ்சு."

"இத வாசி பாப்போம்."

கைப்பையிலிருந்து ஒரு தமிழ் வாரப்பத்திரிகையை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மலையாளம் படிப்பேன், இங்கிலீஷ் படிப்பேன், இந்திகூடத் தட்டுத் தடுமாறிப் படிப்பேன். தமிழ் எழுத்து மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த எழுத்துகள் எல்லாம் எங்கேயோ பார்த்த முகங்கள் மாதிரி இருந்தன, பெயர்தான் தெரியவில்லை. மாமாவின் நெற்றியில் வியர்வை நின்றது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்து, பத்திரிகையின் அட்டையிலேயே சொட்டிவிட்டது.

"அழாத பாப்பா. இதுல உன் தப்பு ஒண்ணுமில்ல," என்றார் அத்தை. சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தார். "பிள்ளைக்கு ஒரு எழுத்துக்கூடச் சொல்லித்தரல. ஆனா பாட்டு மட்டும் சொல்லித்தந்திருக்கீக. அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?"

மாமா எழுந்து நின்றுவிட்டார்.

மாமாவுக்கு அந்தப் பாட்டின் ஒவ்வொரு வார்த்தையும் தெரியும். நாளெல்லாம் புழங்கும் வார்த்தைகள்தானே. அதை அப்படியே சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அதைச் சொல்வது என்றால், ஒரு வாரமாக எதை மூடி மறைத்தாரோ அதைத் திறந்து காட்டவேண்டும். எனவே மாமா வேறு வழியில் போனார்.

"அது ரொம்பப் பழைய தமிழ். வெள்ளம்னா செல்வம். செல்வம் வெள்ளமா வந்து வாசல்ல நிக்குதுன்னு அர்த்தம்."

"அப்படியா? சக்கை?"

மாமா மேலே பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "சக்கைன்னா... அதுக்கு உள்ளர்த்தம் உண்டு. உடம்பு ஒரு சக்கை. ஆத்மாதான் சாறு. அந்த மாதிரி."

"அதைத் தட்டுல வச்சு மாப்பிள்ளையத் தின்னச் சொல்றீங்களா?"

சித்தப்பாவின் அப்பா சிரித்துவிட்டார். அக்கா திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அத்தைக்கு இப்போது குரல் உயர்ந்துவிட்டது. வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கப் பழகிய குரல்.

"முப்பது வருசத்துக்கு மேல பிள்ளைகளுக்குப் பாட்டுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தவ நான். என்கிட்டயே கதை விடுறீங்க. வெள்ளம் வந்து வாசல்ல நிக்குமாம். பிழிஞ்சுபோட்ட சக்கையத் தின்னணுமாம். இந்தப் பொண்ணுக்குக் கெட்ட நாளு வந்துருச்சாம். பொண்ணு கரையக்கூடாதாம், சோப்புக் கட்டி பாருங்க. வீட்டுக்கு வந்த மனுசங்கள இப்படிப் பாடியா கூப்பிடுவாங்க? தெரியாமப் பாடியிருந்தா சொல்லுங்க, மன்னிச்சிருவேன். தெரிஞ்சேதான் பாடுனோம், இது உசந்த தமிழுன்னு சாதிக்கிறீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல."

"அக்கா, விடுக்கா," என்றார் அவர் தம்பி.

"நீ சும்மா இரு." அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்த நேரத்துக் கூடம் இன்றைக்கும் எனக்கு அப்படியே கண்ணில் இருக்கிறது. மாமா நின்றபடி நின்றார். அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சித்தப்பா தரையில் போட்டிருந்த பாயின் கோடுகளை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கொட்டாமல் பார்த்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வந்தது கோபம். பாடியது நான். எவ்வளவு நன்றாகப் பாடினேன்! அதைப் போய்க் கெட்ட பாட்டு என்கிறார்களே. அழுகை அப்படியே தொண்டையில் கத்தலாக மாறிவிட்டது.

"அது மலையாளம்!" என்றேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா சொன்னது எல்லாம் பொய். அது செல்வம் இல்ல. அத்தை, இருங்க, போயிடாதீங்க!"

சமையலறைக்கு ஓடி ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு, வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்து, அத்தையின் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"இதுதான் வெள்ளம். நாங்க இதத்தான் வெள்ளம்னு சொல்லுவோம். வர்றவங்க கால் கழுவ வாசல்ல வைக்கறது. மாமா இந்த வாரம் மட்டும் சொல்லக்கூடாதுன்னாரு."

அத்தை டம்ளரைப் பார்த்தார். வாங்கவில்லை. ஆனால் வாசல் பக்கம் போன கால் நின்றுவிட்டது. "சக்கை?" என்றார்.

மறுபடி ஓடினேன். அம்மா எல்லோருக்கும் பரிமாற எடுத்து வைத்திருந்த பலாச்சுளைத் தட்டை அப்படியே தூக்கி வந்தேன். ஏலூரில் அப்பாவோடு வேலை பார்ப்பவர் வீட்டு மரத்துப் பழம். கூடம் முழுக்க வாசனை எழுந்தது.

"இது. இதுதான் சக்கை. தின்னுங்கன்னா இதத் தின்னுங்க."

சித்தப்பாவின் அப்பா கையை நீட்டி ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அத்தை அவரைக் கவனிக்கவில்லை. அவர் முகம் மாறியிருந்தது. கோபமாக இருந்த மனுஷி போய், உள்ளே இருந்த டீச்சர் வெளியே வந்துவிட்டார். பதில் சரியாக வரும்போது டீச்சர்களுக்கு முகத்தில் ஒரு பசி வருமே, அது.

"கெட்டு நாளு? அதுக்கு என்ன சொல்லப் போற?"

நான் பக்கத்தில் நின்ற மாமாவின் துண்டு நுனியைப் பிடித்து என் ரிப்பனோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டேன். "இது கெட்டு. கெட்டறது. கல்யாணத்துல தாலி கெட்டுவாங்கல்ல, அந்த நாளு."

"கட்டு நாளு!" என்றார் அத்தை. "சரி. சரி. கரையாதேன்னா?"

இதற்குக் காட்ட என்னிடம் பொருள் எதுவும் இல்லை. ஒரு கணம் தவித்துப்போனேன். பிறகு என் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். இன்னும் காயவில்லை.

"இப்ப நான் கரைஞ்சேன்ல? வாசிக்கத் தெரியாம? நீங்க அழாத பாப்பான்னு சொன்னீங்கல்ல? அதுதான் கரையாதே."

அத்தை கைப்பையைக் கீழே வைத்தார். நான் விடவில்லை, வந்த வேகத்தில் கடைசி வார்த்தையையும் முடித்துவிட்டேன். "கூட்டுன்னா நீங்க நினைக்கற சமையல் கூட்டு இல்ல. கூடவே இருக்கற ஆளு. சண்டை போட்டா கூட்டில்லன்னு சொல்லுவோம். அப்புறம் மறுபடியும் கூட்டு ஆயிடுவோம்."

அத்தை உட்கார்ந்தார். வாய்க்குள் முணுமுணுத்தபடி நாலு வரியையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கால் கழுவத் தண்ணீர் வைத்திருக்கிறோம், பலாப்பழம் வைத்திருக்கிறோம், தாலி கட்டும் நாள் வந்துவிட்டது, அழாதே பெண்ணே, உனக்குத் துணை வந்துவிட்டது. சொல்லி முடித்ததும் மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, இவ்வளவு அழகான பாட்ட வச்சுக்கிட்டா ஆத்மா, சாறுன்னு கதை விட்டீங்க? முதல்லயே சொல்லியிருந்தா நான் இந்நேரம் நாலு சுளை தின்னிருப்பேன்."

முதலில் சிரித்தது அவர் தம்பி. பிறகு அம்மா. பிறகு முடிச்சுப் போட்ட துண்டோடு என் தலையில் கட்டுண்டு நின்ற மாமா. சிரிப்பு அடங்கியதும் அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து, "இன்னொரு தடவ பாடு பாப்பா. அந்த வளைவு ஒண்ணு போட்டியே, அதையும் போடு," என்றார். பாடினேன். சந்தில் போனவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுச் சேச்சி வாசலில் நின்று தாளம் போட்டாள். இரண்டாம் முறை அத்தையும் சேர்ந்து பாடினார், வெள்ளம் என்ற இடத்தில் மட்டும் வேண்டுமென்றே அழுத்தி. ஆவணியில் நாள் பார்க்கலாம் என்று முடிவானது. அவர்கள் போனதும் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கிடங்கு வரைக்கும் போய், கண்டவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னார். தான் சொன்ன ஆத்மா விளக்கத்தை மட்டும் விட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் டீ மறுபடி சாயா ஆனது.

கிடங்கிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது சித்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அம்மா வெளியே நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் அக்கா," என்றது சித்தியின் குரல்.

"என்னடி சொல்ற? எல்லாம் நல்லபடி முடிஞ்சிருச்சே."

"ஒன்பது வயசுப் பிள்ளை வாயத் திறந்துச்சு அக்கா. ஒன்பது வயசுப் பிள்ளை."

இது எனக்கான பாராட்டு என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் பாராட்டுகிறவள் ஏன் கல்யாணம் வேண்டாம் என்கிறாள்? நான் இவ்வளவு பாடுபட்டு முடித்து வைத்த காரியத்தை! அன்று முழுக்க சித்தியோடு நான் பேசவில்லை. அவளும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை சித்தி வேலைக்குப் போகவில்லை. மாமா கிடங்குக்குப் போயிருந்தார். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ தும்மினார்கள். போய்ப் பார்த்தால் சித்தப்பா, தனியாக. எறணாகுளத்திலிருந்து படகில் வந்து, துறையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். தலைமுடி காற்றில் கலைந்திருந்தது. அம்மா அவரைப் பார்த்தாள், சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தாள், "உக்காருங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவர் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் குனிந்து, "எனக்கு அந்தப் பாட்டச் சொல்லித்தர்றியா?" என்று கேட்டார். ரகசியம் கேட்பவர் மாதிரி குனிந்தாலும் குரல் என்னவோ சத்தமாகத்தான் வந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நேற்று அத்தை, இன்று இவர். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் நான் ஏறி நின்றுகொண்டேன். அவரைக் கீழே நிறுத்தினேன்.

"வெள்ளம் வச்சோம் வாசலிலே. சொல்லுங்க."

சொன்னார். ராகம் என்ற ஒன்று அவர் தொண்டையில் இல்லவே இல்லை. சுழற்றும் இடத்தில் வண்டி பள்ளத்தில் இறங்குவது மாதிரி இறங்கினார். நாலைந்து முறை சொல்லவைத்தேன். அலுக்காமல் சொன்னார்.

"வெள்ளம்னா என்ன?" என்று கேட்டேன், டீச்சர் மாதிரி.

"தண்ணி."

"சக்கைன்னா?"

"பலாப்பழம்."

"கெட்டுன்னா? கரையாதேன்னா?"

"கட்டறது. அழாதேன்னு அர்த்தம்." ஒரு மூச்சு விட்டார். "இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும் டீச்சர். இங்க வந்து மூணு வருசமாச்சு. தினமும் கேன்டீன்ல வெள்ளம்தான் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன். நேத்து எங்க அத்தை கேட்டப்ப எல்லாத்துக்கும் எனக்குப் பதில் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. அத்தை முன்னாடி எனக்குப் பேச்சு வரல."

எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவன் உண்டு. எல்லாம் தெரியும், ஆனால் எழுந்து சொல்லமாட்டான்.

"தெரிஞ்சா கையத் தூக்கணும்," என்றேன் கண்டிப்பாக. "டீச்சர் கேட்டதும் உடனே தூக்கணும். யார் இருந்தாலும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக வலது கையைத் தூக்கினார். நன்றாக, நேராக, மேலே மின்விசிறியில் பட்டுவிடுமோ என்று நான் பயப்படும் அளவுக்கு. தூக்கிய கையோடு அறைக் கதவின் பக்கம் திரும்பி நின்றார். போதும் என்று நான் சொன்னேன். இறக்கவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

கதவு திறந்தது. சித்தி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்த ஆளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். வாயை இறுக்கி இறுக்கி வைத்துப் பார்த்தாள், முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது.

"கைய இறக்குங்க," என்றாள். "வலிக்கும்."

"நீ சொல்லு, இறக்கறேன். இனிமே எங்க யார் கேட்டாலும்..."

"தெரியும். இறக்குங்க."

இன்றைக்குச் சித்தியும் சித்தப்பாவும் திருப்பூணித்துறையில் இருக்கிறார்கள். அத்தை வருஷத்துக்கு இரண்டு மாதம் அவர்களோடு வந்து தங்குவார். எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தந்தவரும் அவர்தான், அடுத்த கோடை விடுமுறையில், மதுரைக்கு அழைத்துப் போய். இப்போது இதை நான் எழுதுவது அந்த எழுத்தில்தான். சித்தியின் கல்யாணத்தை நடத்தி வைத்தவள் நான் என்று நான் சொல்லும்போதெல்லாம் சித்தி மறுக்கமாட்டாள். "ஆமா, நீதான்" என்பாள். சொல்லிவிட்டுச் சித்தப்பாவைப் பார்ப்பாள். அவர் அந்தச் சமயம் பார்த்து வேறு ஏதாவது வேலையாக எழுந்துபோவார்.

ஆனால் அந்தக் காலையில் எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. சித்தி வந்து அவரை உள்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நாற்காலியின் மேல் நான் தனியாக நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சரியான கோபம். இறங்கி நேராகச் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் புகார் சொன்னேன். பாடம் பாதிதான் ஆகியிருக்கிறது, ராகம் இன்னும் வரவில்லை, அதற்குள் சித்தி என் மாணவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆள் நல்லவர்தான், கொஞ்சம் மந்தம், ஆனால் விடாமல் சொல்லித்தந்தால் தேறிவிடுவார்.

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள், தோள் குலுங்கக் குலுங்க. நான் உண்மையான கவலையோடு சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் ஏன் அப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.